எல்இடி மாஸ்க் வாங்கலாமா, க்ரீமே போதுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாநிறம். கல்லூரிக் காலத்திலிருந்தே முகப்பரு இருக்கிறது. கன்னத்திலும் தாடை ஓரத்திலும் சிவந்து சீழ் வைத்த பரு எட்டு, பத்தாவது எப்போதும் இருக்கும். நெற்றியிலும் மூக்கிலும் பொரிப்பொரியாகத் தட்டுப்படும். பரு போன இடமெல்லாம் கறுப்பாக நின்றுவிடுகிறது. பென்சாயில் பெராக்சைடு ஜெல் பத்து நாள் போட்டேன். எரிச்சலெடுத்துத் தோல் உரிந்ததால் விட்டுவிட்டேன். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கினேன். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. ஆனால் நிறுத்தினால் இரண்டு மடங்காகக் கிளம்புகிறது, அதனால் விட்டு விட்டுப் போடுகிறேன். இன்னும் 4 மாதத்தில் கல்யாணம். ஆன்லைனில் 7 கலர் எல்இடி மாஸ்க் 9,000 ரூபாய்க்குப் பார்த்தேன். க்ரீம் எதுவும் இல்லாமல் லைட்டிலேயே பரு போய்விடும் என்கிறார்கள். வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

மாஸ்க் இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். கையில் இருக்கும் 4 மாதம், முறையாகப் போட்டால், க்ரீம் வைத்தியத்துக்குப் போதுமான காலம். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு கிளினிக்குக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆனால் அதைவிட அவசரமான ஒன்றை முதலில் பார்த்துவிடலாம்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அந்த டியூப்பை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் என்னென்ன மருந்து எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு க்ரீம். பெரும்பாலும் அதோடு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் இரண்டும் கலந்திருக்கும். ஒரே வாரத்தில் சிவப்பு அடங்கி முகம் வெளுத்தாற்போல் ஆவது, நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்புவது என்று நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இந்த வகை க்ரீமின் குணம். படிக்கும்போதே எனக்கு மனசு பதறியது.

ஸ்டீராய்டு பருவைக் குணப்படுத்துவதில்லை. வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும், கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரியும், முகத்தில் முடி வளரும், வெயில் பட்டாலே எரியும். கடைசியில் ஸ்டீராய்டே தனியாக ஒரு பருக்கூட்டத்தைக் கிளப்பிவிடும். நம் நாட்டில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்றால், இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதை எதிர்த்து ஒரு தனிக் குழுவே அமைத்தது. 2018-ல் மத்திய அரசு இந்த க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இருந்தும் கவுன்டரில் கை நீட்டினால் கிடைக்கிறது. அதுதான் வேதனை.

ஆக, டியூப்பில் அந்தப் பெயர்கள் இருந்தால் மாஸ்க், க்ரீம் என்ற கேள்வியையே இரண்டு வாரம் ஒத்திப்போடுங்கள். அருகிலிருக்கும் தோல் மருத்துவரிடம் அந்த டியூப்பையே கொண்டுபோய்க் காட்டுங்கள். மாதக்கணக்கில் போட்டிருந்தால் எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். நிறுத்தியதும் சில வாரம் முகம் சிவந்து கொதிக்கலாம். பயந்துபோய்த் திரும்ப அதையே தடவிவிடாதீர்கள். கல்யாணத் தேதிக்கு இன்னும் காலம் இருக்கும்போதே அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவது நல்லது. மெலிந்த தோலில் லைட்டும் ஒத்துக்கொள்ளாது, நான் கீழே சொல்லப்போகிற ஜெல்லும் ஒத்துக்கொள்ளாது.

சரி, லைட் விஷயத்துக்கு வருவோம்.

இந்த மாஸ்க் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அதன் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. பருவில் பங்கெடுக்கும் பாக்டீரியா (க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்று பெயர்) போர்ஃபைரின் என்ற பொருளைத் தன்னுள்ளேயே தயாரிக்கிறது. 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு அது) நீல ஒளி அதன்மேல் பட்டால் அந்தப் போர்ஃபைரின் தூண்டப்பட்டு, வீரியமான ஆக்சிஜன் உண்டாகி, பாக்டீரியாவையே அழித்துவிடும். 630 முதல் 660 நானோமீட்டர் வரையுள்ள சிவப்பு ஒளி இன்னும் ஆழமாக இறங்கி வீக்கத்தைக் குறைக்கும். இந்த இரண்டு நிறத்துக்குத்தான் பருவில் ஆய்வுகளின் பலம் இருக்கிறது. 7 கலர் மாஸ்க்கில் மிச்சம் 5 கலர் விளம்பரத்துக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் எப்படி? 2000-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 107 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் 15 நிமிடம் வீதம் 12 வாரம் நீலமும் சிவப்பும் சேர்த்துக் காட்டியவர்களுக்குச் சிவந்த பருக்கள் சராசரியாக 76 சதவீதம் குறைந்தன. 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு மட்டும் போட்டவர்களைவிட அது மேல். 2013-ல் கொரியாவில் 35 பேரை வைத்து வீட்டு உபயோகக் கருவி ஒன்றைச் சோதித்தார்கள். தினம் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டரை நிமிடம் வீதம் 4 வாரம். 12-வது வாரத்தில் சிவந்த பருக்கள் 77 சதவீதம் குறைந்திருந்தன. விளம்பரக்காரர்கள் காட்டுவது இப்படிப்பட்ட எண்களைத்தான். அவை உண்மை எண்கள்தான்.

ஆனால் அதே ஆய்வுகளை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முதல் ஆய்வில் லைட்டோடு ஒப்பிட்ட மருந்து பெராக்சைடு மட்டும்தான். இன்று பருவுக்கு அடிப்படை மருந்தாக நாங்கள் எழுதும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) அந்தப் போட்டியிலேயே இல்லை. இரண்டாவது ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மிகக் குறைவு. 2016-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, ஒளி வைத்தியம் பற்றிய 71 ஆய்வுகளை, மொத்தம் 4,211 பேரின் விவரங்களை, ஒன்றாக வைத்து அலசியது. தரமான ஆதாரம் போதவில்லை என்றுதான் முடித்தார்கள். 2024-ல் வந்த அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதல், பென்சாயில் பெராக்சைடையும் பூசும் ரெட்டினாய்டையும் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. லேசர், லைட் கருவிகளுக்குப் பரிந்துரை தருமளவுக்கு ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டது.

இன்னொரு சிக்கல், ஆய்வில் பயன்பட்ட விளக்கும் நீங்கள் பார்த்த மாஸ்க்கும் ஒன்றல்ல. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எவ்வளவு ஒளிச்சக்தி விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருந்துக்கு மில்லிகிராம் மாதிரி, லைட்டுக்கு அது. மலிவான மாஸ்க் பெட்டிகள் பலவற்றில் அந்த எண்ணே இருக்காது. எத்தனை எல்இடி பல்பு இருக்கிறது என்று மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

இதையெல்லாம் தாண்டி, லைட்டின் அடிப்படைக் குறை ஒன்று உண்டு. பரு தொடங்குவது பாக்டீரியாவால் இல்லை. மயிர்க்காலின் வாயில் உதிர்ந்த செல்கள் ஒட்டிக்கொண்டு அடைத்துக்கொள்கின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது. அப்புறம்தான் பாக்டீரியா பெருகுகிறது, வீக்கம் வருகிறது. உங்கள் நெற்றியில் தட்டுப்படும் பொரிப்பொரிகள் அந்த முதல் கட்டம். லைட் அந்த அடைப்பை எடுப்பதில்லை. சாக்கடை அடைத்துத் தண்ணீர் தேங்கி நிற்கும்போது கொசு மருந்து மட்டும் அடிக்கிற மாதிரிதான் அது. அடித்த அன்றைக்குக் கொசு குறையும்.

இனி உங்கள் நிறத்துக்கு வருகிறேன். மாஸ்க் வேண்டாம் என்று நான் சொல்ல முக்கியக் காரணம் இதுதான். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. மாநிறத்துக்காரர்களுக்குப் பருவைவிடப் பரு விட்டுப்போகும் கறுப்புதான் பெரிய கவலை. நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சத்தில் நீல ஊதாப் பகுதி, நம்மைப் போன்ற தோலில் நிறமிச் செல்களைத் தூண்டிவிடும். 2014-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 415 நானோமீட்டர் ஒளி பட்ட இடம் கறுத்து, அந்தக் கறுப்பு 3 மாதம் வரை மறையாமல் நின்றது. 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்ட இடத்தில் அப்படி ஆகவில்லை. அந்த ஆய்வில் கொடுத்த அளவு வீட்டு மாஸ்க்கின் அளவைவிட அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும், அதனால் மாஸ்க் போட்டால் எல்லோருக்கும் கறுக்கும் என்று பயமுறுத்த மாட்டேன். கொரிய ஆய்வில் இருந்தவர்களும் வெள்ளைக்காரர்கள் இல்லை. ஆனாலும் பருவைக் கொல்லும் என்று விற்கப்படும் அதே 415 தான் கறுப்பைக் கிளப்பிய 415. கல்யாணத்துக்கு 4 மாதம் இருக்கும்போது, ஏற்கெனவே கறுப்புப் படியும் முகத்தில், தினமும் அதைக் காட்டிப் பரிசோதித்துப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? ஸ்டீராய்டு விவகாரம் தீர்ந்ததும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டியது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். ரெட்டினாய்டு வகை. மயிர்க்கால் வாயில் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அதாவது அடைப்பையே எடுக்கும். வீக்கத்தையும் குறைக்கும். போகப்போகக் கறுப்பும் மங்கும். அமெரிக்காவில் 2016 முதல் இது மருத்துவர் சீட்டு இல்லாமலேயே கிடைக்கிறது. மாஸ்க் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

இதைப் போடும் விதத்தில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். ராத்திரி மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, இருபது நிமிடம் காய விடுங்கள். ஈரத் தோலில் போட்டால் எரியும். விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுங்கள். அதுதான் முழு முகத்துக்கும். நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து இடத்தில் சின்னச் சின்னப் பொட்டாக வைத்து, கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றையும் விட்டுவிட்டு, மெல்லிசாகப் பரப்புங்கள். பரு இருக்கும் இடத்தில் மட்டும் குவித்து வைப்பது தவறு. இன்றைக்குத் தெரியும் பருவுக்காக இதைப் போடவில்லை, அடுத்த மாதம் வரவிருக்கும் பரு வராமலிருக்கப் போடுகிறோம். மேலே எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். தோல் பழகியதும் தினமும். சிலருக்கு முதல் மாதத்தில் பரு கூடுவதுபோல் தெரியும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் டியூப்பைத் தூக்கிப் போடுகிறார்கள். 8 முதல் 12 வாரம் கொடுத்தால்தான் பலன் கண்ணுக்குத் தெரியும்.

பென்சாயில் பெராக்சைடை நீங்கள் வெறுத்துவிட வேண்டாம். நீங்கள் போட்டது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பத்து நாளில் உரிந்தது என்றால் 5 அல்லது 10 ஆக இருக்கலாம். 2.5 சதவீதமே கிட்டத்தட்ட அதே பலனைத் தரும், எரிச்சல் குறைவு என்பது 1980-களிலேயே தெரிந்த விஷயம். காலையில் சிவந்த பரு வரும் பகுதியில் தடவி, ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிடுங்கள். நீல ஒளி செய்வதாகச் சொல்லும் வேலையை, பாக்டீரியாவை ஆக்சிஜனால் அழிக்கும் வேலையை, இந்த ஜெல்லும் செய்கிறது. பாக்டீரியா இதற்குப் பழகி எதிர்ப்புச் சக்தி பெறுவதும் இல்லை. ஆன்டிபயாடிக் ஜெல்லில், குறிப்பாக கிளிண்டாமைசினைத் தனியாக மாதக்கணக்கில் போடுவதில், அந்த ஆபத்து உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை, துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும். உங்கள் ஊரில் துணி வெளுக்கப் பயன்படுத்துவதும் பெராக்சைடுதானே. வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். தோலை இது வெளுக்காது. டியூப்பை வெயில் படும் ஜன்னலோரத்திலோ வண்டி டிக்கியிலோ வைக்காதீர்கள். சூடு ஏறினால் இந்த மருந்து சிதைந்து பென்சீன் உண்டாகலாம். 2025-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 95 தயாரிப்புகளைச் சோதித்ததில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிக மிகக் குறைவு என்றுதான் வந்தது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. நிழலில் வையுங்கள், போதும்.

காலையில் எஸ்பிஎஃப் 30-க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் கட்டாயம். கறுப்பு மங்க வேண்டுமென்றால், லேசாக நிறம் கலந்த, அயர்ன் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் வாங்குங்கள். சாதாரண சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது, இது தடுக்கும்.

கல்யாணம் என்பதால் இன்னும் சில. திருமணமானதும் குழந்தை வேண்டும் என்று நினைத்தால், அதற்கு முயற்சி தொடங்கும் முன்பே அடாபலீனை நிறுத்திவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் ரெட்டினாய்டு கூடாது என்பது எங்கள் பொதுவான விதி. இதை உங்கள் மருத்துவரிடம் கூச்சப்படாமல் முதல் நாளே சொல்லுங்கள். அப்போது அவர் அசெலாயிக் ஆசிடுக்கு மாற்றுவார். பருவுக்கும் கறுப்புக்கும் இரண்டுக்கும் கேட்கும், கர்ப்பத்திலும் போடலாம். முகத்தில் வேக்சிங் வேண்டாம், அடாபலீன் போட்ட தோல் அதோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். பார்லர்காரர்கள் பிளீச், ஃபேஷியல், பருவை நோண்டி எடுப்பது எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்வார்கள். கடைசி மாதத்தில் முகத்துக்குப் புதிதாக எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நலங்குக்கு மஞ்சள் பூசும்போது முகத்தில் லேசாகத் தொட்டு வைத்தால் போதும் என்று அத்தை, சித்திகளிடம் முன்கூட்டியே உங்கள் அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். பூசித் தேய்த்தால் அந்தத் தோலில் எரியும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கும் பழக்கம் இருந்தால் நெற்றிப் பொரிகளுக்கு அதுவும் ஒரு காரணம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடுங்கள்.

இதை எல்லாம் செய்து, மூன்று மாதம் கழிந்தும் சிவந்த பரு மட்டும் மிச்சம் இருந்து, மாஸ்க்கும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது யோசிக்கலாம், க்ரீமுக்குத் துணையாக. நானோமீட்டர் அளவு தெளிவாகப் போட்டிருக்க வேண்டும், கண்ணை மறைக்கும் அமைப்பு இருக்க வேண்டும். எஃப்டிஏ கிளியர்டு என்று போட்டிருந்தால், ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு கருவிக்கு இணையானது என்றுதான் அர்த்தம். பருவைக் குணமாக்கும் என்ற உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கண் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2019 ஜூலையில் நியூட்ரோஜீனா தன் பரு மாஸ்க்கைத் தானாகவே திரும்பப் பெற்றது. சில கண் நோய் உள்ளவர்களுக்கும், ஒளிக்கூச்சம் தரும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கண் பாதிக்கலாம் என்ற சந்தேகம்தான் காரணம். விழித்திரைக் கோளாறு, வலிப்பு, வெளிச்சத்தால் வரும் ஒற்றைத் தலைவலி, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) இருப்பவர்கள், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எடுப்பவர்கள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் இதைப் போடக் கூடாது. முகம் கழுவிய வெறும் தோலில் மாஸ்க். அது முடிந்த பிறகுதான் ஜெல். கறுப்பு கூடுவதுபோல் தெரிந்தால் நீலத்தை அன்றே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். 26 வயதில், தாடை ஓரத்தில், விடாமல் பரு என்று எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய் தேதி தவறித் தவறி வருகிறதா? மேல் உதட்டிலோ தாடையிலோ முடி கூடியிருக்கிறதா? சமீபத்தில் எடை ஏறியதா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்றே மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். ஹார்மோன் ரத்தப் பரிசோதனைக்கு மாதவிடாய் தொடங்கிய எத்தனையாவது நாளில் வர வேண்டும் என்று போனிலேயே கேட்டுக்கொண்டால் இன்னொரு முறை லீவு போட வேண்டியிருக்காது.